விளங்கிய பிறகு வரும் பயம்

பேய்க்கதை வாசிப்பவருக்கு எப்போதும் ஒரு பின்வாசல் திறந்தே இருக்கிறது. பேயென்று ஒன்று கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். விஞ்ஞானக் கதை வாசிப்பவருக்கும் வேறொரு வாசல் உண்டு. புரியாத ஒன்று கதையில் எவ்வளவு பெரிதாக எழுந்து நின்றாலும், யாரோ ஒருவர் அதை ஆராய்ந்து கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்துவிட்டால் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் அது. இந்த இரண்டு வகைகளையும் கலந்த சிறுகதைகள் சுமார் 180 ஆண்டுகளாக வாசகர்களைப் பிடித்துவைத்திருப்பதற்குக் காரணம், அவை இரண்டு வாசல்களையும் ஒரே சமயத்தில் அடைத்துவிடுகின்றன என்பதுதான். அங்கே நடப்பது பேய் வேலை இல்லை. ஆகவே நம்பாமல் தப்பிக்க முடியாது. அது என்னவென்றும் கடைசியில் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததால் யாரும் பிழைத்துவிடுவதில்லை. ஆபத்தின் முழு அளவும் விளக்கம் கிடைத்த பிறகே கண்ணில் படுகிறது. விளங்காததைக் கண்டு வரும் பயம் ஆதிகாலத்துப் பயம். விளங்கிய பிறகு வரும் பயம் நவீன காலத்துக்கு உரியது. அந்தப் பயத்துக்கு ஏற்ற வடிவமாக வளர்ந்ததாலேயே இந்தக் கலப்புச் சிறுகதை நிலைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் வேறு. அறிபுனை வியப்பைத் தருகிறது, திகில் கதை அச்சத்தைத் தருகிறது, இரண்டும் சேர்ந்தால் சுவை இரட்டிப்பாகிறது என்பார்கள். இப்படிக் கூட்டல் கணக்காகப் பார்த்தால், விண்கலத்துக்குள் ஓர் அரக்கப் பிராணியை விட்டாலே நல்ல கதை பிறந்துவிட வேண்டும். அப்படி எழுதப்பட்ட கதைகள் பழைய அமெரிக்க மலிவு இதழ்களில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை மறக்கப்பட்டுவிட்டன. இன்னும் ஆழமான பதிலைத் தந்தவர் அமெரிக்கத் தத்துவவியலாளர் நோயல் கேரல். அருவருப்பூட்டும் ஒன்றை நாம் ஏன் விரும்பித் தேடிப் போகிறோம் என்று கேட்டு, திகில் கலையின் தத்துவம் பற்றி 1990இல் அவர் ஒரு நூல் எழுதினார். நமக்குப் பழக்கமான வகைப்பாடு எதிலும் அடங்காத ஒன்றைக் கதை நம் முன் நிறுத்துகிறது. உயிரோடும் இல்லாத, செத்தும் போகாத அது என்னவென்று அறியும் ஆவலுக்காக அருவருப்பைப் பொறுத்துக்கொள்கிறோம் என்பது அவர் கருத்து. டிராகுலா வகைக் கதைகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் நான் பேசும் கதைகளில் அந்த ஆவல் தீரும் கணத்தில்தான் அடியே விழுகிறது. மறுபக்கத்தில் டார்கோ சுவின் போன்ற விமர்சகர்கள் இருக்கிறார்கள். 1979இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் அறிபுனைக்கு இலக்கணம் வகுத்த சுவின், பேய்க்கதையும் கோதிக் மரபும் அதில் கலப்பதைக் கேடாகவே கருதினார். கலந்தால் அறிவின் வெளிச்சம் மங்கிவிடும் என்பது அவர் கவலை. இந்த வகையின் தலைசிறந்த கதைகளை எடுத்துப் பார்த்தால் வெளிச்சம் மங்கியதாகத் தெரியவில்லை. கண் கூசும் அளவுக்கு வெளிச்சம் இருப்பதுதான் அங்கே தொல்லை.

1845 டிசம்பரில் எட்கர் ஆலன் போ வெளியிட்ட வால்டிமர் கதையிலிருந்து தொடங்கலாம். காசநோயில் சாகக் கிடக்கும் வால்டிமர் என்பவரை, உயிர் பிரியும் நேரத்தில் மெஸ்மரிச வசியத்துக்கு உட்படுத்துகிறார் கதைசொல்லி. உடல் மரணத்துக்கும் அழிவுக்கும் நடுவில் ஏழு மாதம் நிற்கிறது. நாக்கு மட்டும் பேசுகிறது. கடைசியில் வசியத்தைக் கலைத்தவுடன் என்ன நடக்கிறது என்பதை வாசிக்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன். போ இதைப் பேய்க்கதையின் நடையில் எழுதவில்லை. நாடித்துடிப்பு, நுரையீரலின் நிலை, உடனிருந்த மருத்துவர்கள், நேரக் குறிப்புகள் என்று மருத்துவ அறிக்கையைப் போல அடுக்கிக்கொண்டு போகிறார். லண்டனில் இது உண்மைச் சம்பவம் என்ற தோரணையில் தனிப் பிரசுரமாகவே அச்சானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர், இது நிஜமா என்று கேட்டுப் போவுக்குக் கடிதம் எழுதினார். ஆவி உலவும் கோட்டையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டு எழுதமாட்டார்கள். சாட்சியமும் அளவீடும் கொண்ட நடை வாசகரின் அவநம்பிக்கையை முதலிலேயே செயலிழக்கச் செய்துவிடுகிறது; பிறகு வரும் பயங்கரத்துக்கு அவரிடம் தடுப்பு எதுவும் மிஞ்சுவதில்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். மெஸ்மரிசம் பொய் என்று இன்று யாருக்கும் தெரியும். விஞ்ஞானம்தான் இக்கதைகளின் பலம் என்றால், அந்த விஞ்ஞானம் செத்த அன்றே கதையும் சாக வேண்டாமா? இதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. பிரெஞ்சு மன்னர் நியமித்த குழு, பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாசியரும் இடம்பெற்ற குழு, மெஸ்மர் சொன்ன காந்தப் பாய்மம் என்று ஒன்று இல்லவே இல்லை என 1784இலேயே தீர்ப்பளித்துவிட்டது. போ எழுதியபோது அந்தத் தீர்ப்புக்கு 61 வயது. ஆகவே கதை நம்பியிருப்பது மெஸ்மரிசத்தின் உண்மையை அல்ல. சோதித்துப் பார்த்தல், பதிவு செய்தல், சாட்சி வைத்துக்கொள்ளுதல் என்ற முறையை அது நம்பியிருக்கிறது. கோட்பாடுகள் காலாவதியாகின்றன, அந்த முறைமேல் நமக்குள்ள மரியாதை ஆகவில்லை. சாவுக்குப் பிறகும் உடலைக் கருவிகளால் இயக்கிவைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்துவிட்ட நம் காலத்தில், வால்டிமரின் கட்டில் முன்னைவிடப் பக்கத்தில் வந்துவிட்டது என்றுகூடச் சொல்வேன்.

இந்த வகையின் உச்சம் என்று நான் கருதுவது ஹெச். பி. லவ்கிராஃப்ட் எழுதிய ‘தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’. 1927 செப்டம்பரில், ஹியூகோ கெர்ன்ஸ்பேக் நடத்திய ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ இதழில் வெளியானது. விஞ்ஞானக் கதைக்கென்றே 1926இல் தொடங்கப்பட்ட இதழ் அது. திகில் கதைகளுக்கு 1923 முதலே ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற தனி இதழ் இருந்தது. லவ்கிராஃப்ட் வழக்கமாக எழுதியது இரண்டாவதில். இந்தக் கதை முதலாவதில் வந்ததே அது எந்த எல்லையில் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. நீர்த்தேக்கம் கட்ட நிலம் அளக்க வந்த ஒருவர், அங்கே பாழ்பட்டுக் கிடக்கும் ஐந்து ஏக்கர் சாம்பல் நிலத்தின் கதையை ஒரு கிழவரிடம் கேட்கிறார். 1882இல் நேஹம் கார்ட்னர் என்ற விவசாயியின் கிணற்றடியில் விண்கல் ஒன்று விழுகிறது. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்து துண்டு எடுத்துப் போகிறார்கள். சூடேற்றுகிறார்கள், அமிலங்களில் முக்குகிறார்கள், நிறமாலைமானியில் வைத்துப் பார்க்கிறார்கள். தெரிந்த எந்த நிறத்தோடும் சேராத பட்டைகள் அதில் தெரிகின்றன. துண்டு நாளுக்கு நாள் சுருங்கி, வைத்திருந்த கண்ணாடிக் குடுவையோடு மறைந்துபோகிறது. பேராசிரியர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். செய்து முடித்ததும் ஊர் திரும்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பண்ணையில் நடப்பதை லவ்கிராஃப்ட் அவசரமே இல்லாமல் சொல்கிறார். பழங்கள் என்றுமில்லாத அளவுக்குப் பருத்துப் பளபளக்கின்றன. வாயில் வைத்தால் கசப்பு. செடிகள் இருட்டில் மங்கலாக ஒளிர்கின்றன. ஆடுமாடுகள் சாம்பல் நிறமாகி உதிர்கின்றன. மனைவிக்குப் புத்தி பேதலிக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பக்கத்துப் பண்ணைக்காரர் எச்சரித்தும், அந்தக் குடும்பம் அதையே குடித்துக்கொண்டிருக்கிறது. இதில் வில்லன் இல்லை. வந்திறங்கிய அந்த வண்ணத்துக்குக் கோபமோ பழியோ கிடையாது. அது தன் இயல்புப்படி உறிஞ்சுகிறது, தெம்பு வந்ததும் போய்விடுகிறது. பேய்க்கதையின் பேய்க்கு ஒரு நியாயம் உண்டு. கொல்லப்பட்டவள் திரும்பி வருவாள், ஏமாற்றியவன் பழிவாங்கப்படுவான். பரிகாரமும் உண்டு. கார்ட்னர் குடும்பம் எந்தப் பாவமும் செய்யவில்லை. அவர்கள் செய்யக்கூடிய பரிகாரமும் இல்லை. அந்த நிலத்தின்மேல் நீர்த்தேக்கம் வரப்போகிறது, நகரம் அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறது என்ற தகவலை லவ்கிராஃப்ட் குரலை உயர்த்தாமல் சேர்க்கிறார். கதை வெளியான அதே ஆண்டில்தான் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள், தாடை எலும்பு அரித்துப்போன நிலையில், நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். தூரிகையை உதட்டால் கூராக்கச் சொல்லி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கண்ணுக்கு அழகாக ஒளிரும் ஒன்று எலும்புக்குள் புகுந்து அரிக்கும் என்பது அன்று கற்பனை இல்லை.

திரைப்படம் இதையெல்லாம் இன்னும் வலுவாகச் செய்யுமே என்பவர்களுக்கு இந்தக் கதையே பதில் சொல்லும். 2019இல் ரிச்சர்ட் ஸ்டான்லி இதைப் படமாக்கினார். நிக்கோலஸ் கேஜ் நடித்தார். மனிதக் கண் அறியாத நிறத்தைத் திரையில் காட்ட வழியில்லாததால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு ஒன்றைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அதைப் பார்த்த கணத்தில் நமக்கு அது தெரிந்த நிறமாகிவிடுகிறது. கதை வாசிப்பவரோ அந்த நிறத்தைக் கற்பனை செய்ய முயன்று ஒவ்வொரு முறையும் தோற்கிறார். அந்தத் தோல்வியே கதையின் அனுபவம். எழுத்தால் மட்டுமே ஆகக்கூடிய காரியங்களில் இது ஒன்று.

என் வாதத்துக்கு மிகவும் இடைஞ்சலான கதை ஜான் டபிள்யூ. கேம்பெல் எழுதிய ‘ஹூ கோஸ் தேர்?’. டான் ஏ. ஸ்டூவர்ட் என்ற புனைபெயரில், தாமே ஆசிரியராக இருந்த ‘அஸ்டவுண்டிங்’ இதழில், 1938 ஆகஸ்ட்டில் அவர் வெளியிட்டது. அண்டார்டிகா ஆய்வு முகாமில் பனிக்குள்ளிருந்து வெட்டியெடுக்கப்பட்ட ஒரு வேற்றுக்கிரக உயிர் உருகி எழுகிறது. எந்த உயிரையும் விழுங்கி, அணு அணுவாக அதைப் போலவே மாறிவிடக்கூடியது. விழுங்கப்பட்டவரின் நினைவுகள்கூட அதனிடம் இருக்கும். முகாமில் 37 பேர். யார் மனிதன், யார் அது? இங்கே விஞ்ஞானம் கைகொடுக்கிறது. அதன் உடலின் ஒவ்வொரு துளியும் தனி உயிர் என்பதைப் புரிந்துகொண்ட மக்ரெடி என்பவர், ஒவ்வொருவரின் ரத்தத்திலும் சூடான கம்பியைத் தொட்டுப் பார்க்கும் சோதனையை வகுக்கிறார். மனித ரத்தம் வெறுமனே பொசுங்கும். போலியின் ரத்தம் உயிர் பிழைக்க ஓடும். பூமி காப்பாற்றப்படுகிறது. அப்படியானால் விளக்கம் காப்பாற்றிவிட்டதே?

காப்பாற்றியது உண்மை. ஆனால் இந்தக் கதையை வாசித்தவர்கள் நினைவில் வைத்திருப்பது கடைசி வெற்றியை அல்ல, அதற்கு முன் தோற்றுப்போன சோதனையை என்று நினைக்கிறேன். முகாமின் மருத்துவர் முதலில் ஒரு சீரச் சோதனையை முன்வைக்கிறார். மனித ரத்தத்தை நாய்க்குச் செலுத்தி, அதில் உண்டாகும் சீரம் மனித ரத்தத்தோடு மட்டும் வினைபுரிகிறதா என்று பார்ப்பது. 1901 முதல் தடயவியலில் வழக்கத்திலிருந்த முறையின் சாயல். சோதனை நடக்கிறது, சீரம் மனித ரத்தத்தோடும் வினைபுரிகிறது, அந்த ஜந்துவின் ரத்தத்தோடும் வினைபுரிகிறது. நாய்க்கு ரத்தம் கொடுத்தவர்கள் இரண்டு பேர்: மருத்துவர் ஒருவர், முகாமின் தலைவர் மற்றவர். இருவரில் ஒருவர் மனிதர் இல்லை. சோதனை பொய் சொல்லவில்லை. அது சொன்ன உண்மை, சோதனை செய்தவர்களையே சந்தேகத்துக்குள் தள்ளிவிட்டது. எந்தப் பேயும் இவ்வளவு நுட்பமாக ஒரு கூட்டத்தைச் சிதறடித்ததில்லை. அளவையும் பார்க்க வேண்டும். இது குறுநாவல். மீட்சிக்கு இடம் கொடுக்கும் நீளம் கேம்பெலுக்கு இருந்தது. 1982இல் இதைப் படமாக்கிய ஜான் கார்பென்டர் அந்த மீட்சியை எடுத்துவிட்டு, ஒருவரையொருவர் நம்ப முடியாத இரண்டு பேரோடு படத்தை நிறுத்தினார். கதையின் உள்ளே இருந்த பயத்தை அவர் சரியாகவே கண்டுகொண்டார்.

சிறுகதை என்ற வடிவம் இதற்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்ற கேள்வி இங்கிருந்து எழுகிறது. ஒரே அமர்வில் வாசித்து முடிக்கக்கூடியதும், ஒற்றை விளைவை நோக்கி எல்லா வரிகளும் நகர்வதுமான ஆக்கமே சிறந்தது என்று 1842இலேயே போ எழுதினார். அறிபுனைத் திகிலில் அந்த ஒற்றை விளைவு, புரிதல் முழுமையடையும் கணம். நாவலாக எழுதினால் அந்தக் கணத்துக்குப் பிறகும் பக்கங்கள் இருக்கும். பக்கங்கள் இருந்தால் பாத்திரங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். செய்யத் தொடங்கினால் நம்பிக்கை வந்துவிடும். சிறுகதை புரிந்த இடத்திலேயே நின்றுகொள்ளலாம். அதற்குப் பிறகான வேலை வாசகருடையது.

இந்த வசதி ஏமாற்றவும் இடம் தருகிறது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். 1954இல் டாம் காட்வின் எழுதிய ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’ அதற்குப் பேர்போன உதாரணம். கொள்ளைநோய் மருந்து ஏற்றிச் செல்லும் சிறு விண்கலத்தில், அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள். எரிபொருள் கணக்கு அவள் எடையைத் தாங்காது; அவளை வெளியே தள்ளியாக வேண்டும். இயற்கை விதிக்கு இரக்கம் கிடையாது என்பதே கதையின் வாதம். ஆனால் ஒரு கிலோ உபரிகூட இல்லாமல் எரிபொருள் நிரப்பியது இயற்கையா? பூட்டாத கதவு யாருடைய ஏற்பாடு? அந்தப் பெண்ணைக் காப்பாற்றும் வழிகளை காட்வின் கண்டுபிடித்துக்கொண்டே இருந்ததாகவும், இதழாசிரியர் கேம்பெல் கதையை மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பியதாகவும் சொல்லப்படுவது உண்டு. விமர்சகர்கள் பல பத்தாண்டுகளாக இந்தக் குறையைச் சுட்டிவருகிறார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. மனிதர் செய்த அலட்சியத்தை இயற்பியல் விதியாக வேடமிட்டுக் காட்டும் கதை, விளக்கத்தின் பெயரால் பொய் சொல்கிறது. நல்ல கதையையும் போலிக் கதையையும் பிரிக்கும் உரைகல் இங்கே கிடைக்கிறது: பயங்கரம் கதையின் முன்நிபந்தனைகளிலிருந்து தானாக விளைகிறதா, அல்லது ஆசிரியர் பின்னாலிருந்து தள்ளுகிறாரா?

அந்த உரைகல்லில் சிறிதும் தேயாத கதை ‘தி ஸ்க்ரூஃப்ளை சொல்யூஷன்’. ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற ஆண்பெயரில் புகழ்பெற்ற ஆலிஸ் ஷெல்டன், ரக்கூனா ஷெல்டன் என்ற இன்னொரு புனைபெயரில் 1977இல் வெளியிட்டது. அதன் பின்னாலுள்ள விஞ்ஞானம் அச்சு அசலானது. கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு அவற்றை உயிரோடு தின்னும் ஸ்க்ரூவர்ம் ஈயை ஒழிக்க, நிப்ளிங், புஷ்லாண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். பெண் ஈ வாழ்நாளில் ஒரே முறைதான் இணைசேரும். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் அவிழ்த்துவிட்டால் இனம் தானே அற்றுப்போகும். 1954இல் குராசோ தீவில் அது பலித்தது. பிறகு அமெரிக்கா முழுவதிலும் பலித்தது. நஞ்சு தெளிக்காமல், காட்டை எரிக்காமல், ஓர் உயிரினத்தின் இனப்பெருக்கச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் திருகிவிட்டு வென்ற அருமையான சாதனை அது. ஷெல்டன் கேட்டது ஒரே கேள்வி: அந்தக் கண்ணி நம்மிடம் திருகப்பட்டால்?

கதையின் நாயகன் ஆலன், கொலம்பியாவில் பூச்சி ஒழிப்பில் வேலை செய்யும் விஞ்ஞானி. வீட்டிலிருந்து மனைவி ஆனின் கடிதங்களும் செய்தித்தாள் துணுக்குகளும் வந்துகொண்டிருக்கின்றன. உலகின் பல மூலைகளில் ஆண்கள் பெண்களைக் கொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு மதம் ஒரு நியாயம் கற்பிக்கிறது, அதிகாரிகள் சாக்குச் சொல்கிறார்கள், விசாரணைக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன. வரைபடத்தில் அந்தக் கொலைகள் பரவும் தினுசு ஆலனுக்குத் தன் தொழிலை நினைவூட்டுகிறது. காம உணர்வு வன்முறையாகத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது என்று புரிகிறது. அது தன் உடலிலும் தொடங்கிவிட்டது என்பதும் புரிகிறது. அவன் நல்ல மனிதன், மனைவியையும் மகளையும் உயிராக நேசிப்பவன், நடப்பதை மற்றவர்களைவிடத் தெளிவாக அறிந்தவன். அறிந்ததால் அவன் செய்ய முடிந்தது, அவர்களிடமிருந்து விலகி ஓட முயல்வது மட்டுமே. சோதனை உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற ஷெல்டனுக்கு, தரவுகள் எப்படித் துண்டு துண்டாக வந்து சேரும், எப்படித் தவறாக வாசிக்கப்படும் என்பது தெரியும். கதை முழுக்கக் கடிதம், துணுக்கு, அறிக்கை என்று நகர்வது அதனால்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதையில் வரும் கொலைகளுக்குச் சமூகம் கற்பிக்கும் நியாயங்கள் எதுவும் புதியவை இல்லை. நாம் நாளிதழ்களில் வாசிப்பவைதான். அந்தப் பழக்கமான தன்மையே வாசகரை நடுங்கவைக்கிறது.

இப்படிப்பட்ட கதைகள் விஞ்ஞானத்தின்மேல் வெறுப்பை வளர்க்கின்றன என்பது அடுத்த குற்றச்சாட்டு. தடுப்பூசிக்கும் அணுமின் நிலையத்துக்கும் ஒரே மாதிரி அஞ்சும் மக்களிடம் மேலும் அச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பொறுப்பற்றது என்று கேட்பவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். சில கதைகளுக்கு இது பொருந்தவும் செய்யும். கண்டுபிடித்தவன் தன் கண்டுபிடிப்பாலேயே அழிவான் என்ற ஒரே பாட்டைப் பாடுபவை அவை. மேலே பார்த்த கதைகளில் தவறு விஞ்ஞானத்தில் இல்லை. லவ்கிராஃப்டின் பேராசிரியர்கள் சரியாக அளந்தார்கள். பின்னாளில் அந்தக் குடும்பம் தவித்தபோது ஊர்க்கதை என்று ஒதுக்கினார்கள். ஷெல்டனின் கதையில் விஞ்ஞானி சொன்னதைக் கேட்கும் நிலையில் உலகம் இல்லை. அறிவு போதாது என்று இவை சொல்கின்றன. அறிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆக்டேவியா பட்லர் 1984இல் எழுதி ஹியூகோ, நெபுலா இரு விருதுகளையும் பெற்ற ‘பிளட்சைல்ட்’ இதற்கு இன்னும் நல்ல சான்று. கொசுவின்மேல் முட்டை ஒட்டி அனுப்பி, மனிதத் தோலுக்குள் புழுவாக வளரும் பாட்ஃப்ளை ஈயைப் பற்றிய தம் அச்சத்திலிருந்து அந்தக் கதை பிறந்ததாக அவர் எழுதியிருக்கிறார். வேற்றுக்கிரகத்தில் அடைக்கலம் தேடிய மனிதர்களின் உடலில் அங்குள்ள உயிர்கள் முட்டையிடுகின்றன. கான் என்ற இளைஞன் ஒரு பிரசவத்தை நேரில் பார்க்கிறான். எல்லாம் தெரிந்த பிறகு, தமக்கைக்குப் பதிலாகத் தன் உடலைத் தருகிறான். இதை அன்பின் கதை என்றார் பட்லர். உயிரியலைச் சரியாகப் புரிந்துகொண்டு அதிலிருந்து அச்சத்தையும் பாசத்தையும் ஒன்றாக எடுத்த கதையை விஞ்ஞான வெறுப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பயம் மேற்கத்திய நாடுகளுக்கு மட்டும் உரியது என்றும் சொல்ல முடியாது. காசர்கோட்டு மலைக் கிராமங்களில் முந்திரித் தோட்டங்களின்மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். குழந்தைகள் தலை பெருத்தும் கைகால் முடங்கியும் பிறந்தன. எண்மகஜே கிராமத்தில் இதைத் தெய்வ சாபம் என்று மக்கள் நம்பியதை, அந்த ஊரின் பெயரிலேயே அம்பிகாசுதன் மாங்காடு எழுதிய மலையாள நாவல் பதிவு செய்கிறது. பிறகு காரணம் தெரியவந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பூச்சிக்கொல்லிக்குத் தடை விதித்தது. சாபம் என்று நினைத்திருந்தவரை நேர்த்திக்கடனாவது இருந்தது. உண்மை தெரிந்த பிறகு, மண்ணிலும் தண்ணீரிலும் உடம்பிலும் ஏறிவிட்ட ஒன்றை எந்தப் பூசையாலும் இறக்க முடியாது என்பதும் சேர்ந்து தெரிந்தது. கார்ட்னர் குடும்பத்துக் கிணற்றைப் படித்த ஒருவருக்கு இந்தச் செய்தியின் கனம் சட்டென்று புரியும். இலக்கியத்தின் பயன் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன்.

பயன் பற்றிய பேச்சில் உளவியலாளர்களின் தரப்பும் உண்டு. கோல்டன் ஸ்க்ரிவ்னர், மத்தியாஸ் கிளாசன் முதலியோர் கொரோனா காலத்தில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், திகில் பட ரசிகர்கள் அந்த நாட்களில் குறைவான மன உளைச்சலைத் தெரிவித்தார்கள். வேற்றுக்கிரகப் படையெடுப்பு, உலக அழிவு வகைப் படங்களை விரும்புகிறவர்கள் மனத்தளவில் முன்தயாரிப்போடும் இருந்தார்கள். ஆகவே இக்கதைகள் ஆபத்துக்கான ஒத்திகை என்ற முடிவுக்குச் சிலர் தாவுகிறார்கள். அந்த ஆய்வு படங்களைப் பற்றியது. பங்கேற்றவர்கள் தாமே சொன்ன பதில்களை நம்பியது. தைரியசாலிகள் அந்தப் படங்களை நாடுகிறார்களா, படங்கள் தைரியத்தைத் தருகின்றனவா என்று அதைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அதைவிட முக்கியமாக, ஒத்திகை என்றால் தப்பும் வழி அதில் இருக்க வேண்டும். நல்ல அறிபுனைத் திகில் கதை தப்பும் வழி எதையும் கற்பிப்பதில்லை. வழி இல்லாத இடத்திலும் கண்ணை மூடாமல் பார்க்கும் பழக்கத்தை வேண்டுமானால் அது தரலாம்.

தமிழில் இந்த இரண்டு ஓடைகளும் பெரும்பாலும் தனித்தனியே ஓடின. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1940களிலேயே பேய்க்கதையை நவீன மனத்தின் குழப்பமாக மாற்றிக் காட்டியது. அதில் விளக்கத்துக்கு இடம் இல்லை, தேவையும் இல்லை. சுஜாதா விஞ்ஞானத்தைப் பத்திரிகை வாசகர்களின் கூடத்துக்கே கொண்டுவந்தார். ‘கொலையுதிர் காலம்’ நாவலில் ஆவியா, ஹோலோகிராமா என்ற கேள்வியைக் கணேஷும் வசந்தும் துரத்துகிறார்கள். கதையின் சுவை முழுவதும் இரண்டில் எது என்ற ஊசலாட்டத்தில் இருக்கிறது. ஹோலோகிராம் என்று தெரிந்தால் பயம் விட்டுப்போகும் என்பதே அதன் அடிப்படை. ஹோலோகிராம் என்று தெரிந்த பிறகு பயம் தொடங்கும் கதையை நம் எழுத்தாளர்கள் இன்னும் போதிய அளவு எழுதவில்லை. எழுதுவதற்கான பொருள் நம்மைச் சுற்றி நிறையவே கிடக்கிறது: தோல் பதனிடும் ஊர்களின் நிலத்தடி நீர், கருத்தரிப்பு மையங்களின் உறைகுளிர் அறைகள், செத்தவரின் குரலில் பேசக் கற்றுக்கொண்ட மென்பொருள்கள். இவற்றில் எதற்கும் பேய் தேவையில்லை. சரியான விவரமும் நேர்மையான தர்க்கமும் போதும்.

இந்த வகைக்குப் புதிதாக வருபவர்கள் லவ்கிராஃப்டின் வண்ணக் கதையில் தொடங்கி, அடுத்து ஷெல்டனையும் அதன் பிறகு பட்லரையும் வாசிக்கலாம். ஒவ்வொன்றையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். நடுவில் நிறுத்தி எழுந்துபோனால் பாதி போய்விடும்.